ஓடினவருக்கு நாலாவது வரி இல்லை

மட்டக்களப்பில் என்னோடு யாரும் பேரம் பேசுவதில்லை. இதை ஒரு முறைப்பாடாகவே பதிவு செய்கிறேன். வாவிக் கரையில் மீன் விற்கும் மனிசி, எனக்கு முன்னால் நின்றவரிடம் மணலை மீனுக்கு ஒரு விலை சொல்லி, அவர் குறைத்துக் கேட்டதும் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறாள். என் முறை வந்ததும் அவளுடைய குரல் கோயிலுக்குள் நுழைந்துவிடுகிறது. "ஐயா பாத்துத் தாங்க." நான் எதைப் பார்ப்பது? மீனின் செவுளைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லவே எனக்குத் தெரியாது. திட்டு வாங்கியவர் துள்ளுகிற மீனோடு சிரித்துக்கொண்டு போகிறார். நான் மரியாதையையும் நேற்றைய மீனையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறேன்.

உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இதைவிடப் பெரிய குறைகள் இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கின்றன. நான் பகிடி விட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள். பகிடி முடிவதற்கு முன்னமே சிரித்து முடித்துவிடுகிறவர்களும் உண்டு. என் பகிடிகளின் தரம் எனக்குத் தெரியும். அவற்றுக்கு நேர்மையான விசாரணை நடந்த இடம் ஒன்றே ஒன்றுதான், என் மனைவியின் முகம். அவள் அடுப்பில் இருந்து கண்ணை எடுக்காமல், "மச்சான், இது போன சித்திரைக்கே செத்துப்போன பகிடி. என்னத்துக்குத் திருப்பித் தோண்டி எடுக்கிறீங்க? நாறுது" என்பாள்.

அவள் போய் மூன்று மாரி கழிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் பகிடிகளெல்லாம் எதிர்த்தரப்பு மன்றுக்கு வராத வழக்குகளைப் போல ஒருதலையாக வென்றுகொண்டிருக்கின்றன. அப்படி வெல்வதில் ஒரு சுவையும் இல்லை.

நான் இருப்பது அவளுடைய வீட்டில். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டியவன். நாடு முழுவதும் காணி வழக்குகளுக்குத் தீர்ப்பெழுதிய எனக்குச் சொந்தமாக நாலு பேர்ச் காணி கிடையாது. அவளுக்குப் பிறகு வீடு மகளுடையது. மகள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் தொலைபேசியில் வருவாள். "அப்பா, தனிய அங்க என்ன செய்றீங்க? இஞ்ச வந்திருங்க. கடல் தெரியுது." நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கட்டளையைப் பிறப்பிப்பேன், தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது.

ஒத்திவைப்பது என் இரத்தத்தில் ஊறிய பழக்கம். காலையில் புட்டா இடியப்பமா என்று கேட்டாலும் இரு பக்க நியாயங்களையும் யோசித்துக்கொண்டிருப்பேன். "கனம் கோட்டார் அவர்களே, தேங்காய் துருவியாச்சு, தீர்ப்பைச் சொல்லுங்க" என்று மனைவி உள்ளே இருந்து சத்தம் போடுவாள். கோடு என்றால் எங்கள் பேச்சில் நீதிமன்றம். கனம் கோட்டார் என்பது அங்கே நீதிபதியை விளிக்கும் மரியாதைச் சொல். அதை அவள் சொல்லும்போது மட்டும் என் மாலைக்கண்ணும் தொந்தியும் சேர்ந்து வெட்கப்படும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு பாட்டின் நாலாவது வரி வேண்டும். அதற்காகத்தான் போன வைகாசியில் நான் செய்த அத்தனை கோமாளித்தனமும்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, வவுணதீவைத் தாண்டி, வயலுக்கு நடுவில் இருக்கிறது. என்னை வயலில் விடுவதா, படிக்க விடுவதா என்ற கேள்வி வந்தபோது என் தகப்பனார் என் கால்களைப் பார்த்து முடிவெடுத்தார். "இவனை வட்டைக்குள்ள இறக்கினா, தங்கட ஆள் ஒண்டு நிக்கி எண்டு ஊர்க் கொக்கெல்லாம் வந்து இறங்கிரும். படிக்க அனுப்புங்க." வட்டை என்றால் வயல்வெளி. இப்படித்தான் நாட்டுக்கு ஒரு நீதியரசர் கிடைத்தார். என் கால்கள் இப்போதும் அப்படியே இருக்கின்றன. நீதிபதியின் மேசை முன்பக்கம் அடைத்திருக்கும் என்பதுதான் அந்தத் தொழிலில் எனக்கு முதலில் பிடித்த அம்சம்.

கொழும்பில் சட்டம் படித்து, சத்தியம் செய்து, கறுப்புக் கோட்டோடு ஊருக்கு வந்தேன். அந்த வருடம் ஊரில் கொம்புமுறி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊர் முழுவதும் இரண்டு பக்கம், வடசேரி, தென்சேரி. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. கல்யாணம் கட்டினாலும் பெண் தன் தகப்பனின் சேரியை விடமாட்டாள். ஆகவே ஒரே பாயில் படுக்கிறவர்கள் அன்றைக்கு எதிரிகள். வைரம் பாய்ந்த மரத்தில் கொக்கி போல வளைத்துச் செதுக்கிய இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, வடம் கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். அம்மன் மனம் குளிர்ந்து மழை தருவாள் என்பது நம்பிக்கை. மழை வருகிறதோ இல்லையோ, வசை வரும். வென்றவர்கள் தோற்றவர்களின் வீடு வீடாகப் போய்ப் பாட்டுக் கட்டி ஏசுவார்கள். யாரும் கோபிக்கக் கூடாது. கோபித்தவன் இரண்டு தரம் தோற்றவன். ஏச்சு வாங்கியவர்கள் ஏச வந்தவர்களுக்குத் தாகத்துக்குக் கொடுக்க வேண்டும். முடிந்தால் பதிலுக்கு ஒரு பாட்டும் பாடலாம். அது தோற்றவர்களின் உரிமை.

நான் தென்சேரி. வைகாசி வெயிலில், ஊரே வெறும் மேலோடு நிற்க, கோட்டுப் போட்டுக்கொண்டு வடம் பிடித்த ஒரே ஆள் நான். எங்கள் கொம்பு முறிந்தது. பொழுது சாய்வதற்குள் வடசேரிப் பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் என் மாமன் மகள். அதுவரை என்னோடு நாலு வார்த்தை பேசாதவள். கையைத் தட்டிக்கொண்டு தொடங்கினாள்.

கொக்குக்கால் மச்சானே, கோட்டுப் போட்டு வந்தீரோ,
கொம்புதான் முறிஞ்சிற்றே, கோவம் இன்னும் முறியலியோ,
சட்டம் படிச்சவரே, சாட்சி சொல்ல ஆளில்லையோ...

இந்த இடத்தில் பின்னால் நின்ற கிழவிகள் என் காலைக் குனிந்து பார்த்தார்கள். குனிந்து பார்த்ததோடு நின்றிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருத்தி தொட்டும் பார்த்தாள். நான் கோட்டோடு பின்வேலியைப் பாய்ந்து வாவிப் பக்கம் ஓடினேன். நாலாவது வரி எனக்குப் பின்னால், பெண்களின் சிரிப்புக்குள் எங்கோ விழுந்துபோயிற்று. வாதத்தை முழுதும் கேட்காமல் நான் எழுந்து போன ஒரே வழக்கு அது.

அடுத்த வருடம் அவளையே கட்டினேன். கட்டிய இரவு கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

"நாலாவது வரி என்ன?"

"ஓடினவருக்கு நாலாவது வரி இல்ல" என்றாள்.

இரண்டொரு நாளில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பெண்ணைப் பற்றிய என் முதல் தவறான தீர்ப்பு.

சில வருடங்களில் என்னை நீதவானாக நியமித்தார்கள். மூத்த நீதிபதி ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் தேத்தண்ணிக் கடையில் குந்தக்கூடாது, கலியாண வீட்டில் பந்தியில் இருக்கக்கூடாது, கூட்டாளி என்று ஒருவனும் இருக்கக்கூடாது என்று புத்தி சொன்னார். "நீர் இனி எந்தப் பக்கமும் இல்லை, நடு" என்றார். சொந்த மாவட்டத்தில் என்னை வைத்திருக்கவும் முடியாது. வாதி மாமா, பிரதிவாதி மச்சான், சாட்சி சித்தப்பா. நான் ஒவ்வொரு வழக்கிலும் "இதைக் கேட்பதிலிருந்து விலகுகிறேன்" என்று எழுந்து போனால் கதிரைக்கு மட்டும்தான் சம்பளம் கொடுக்க வேண்டி வரும். ஆகவே வவுனியா, மன்னார், பதுளை, இரத்தினபுரி என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். நீதவான், பிறகு மாவட்ட நீதிபதி, பிறகு மேல் நீதிமன்றம். சண்டைக் காலம். விடுமுறைக்கு வரும்போது எத்தனையோ சோதனைச் சாவடி. கடைசிச் சாவடி அவளுடைய வாசல். கதவைப் பாதி திறந்து, "அடையாள அட்டை?" என்று கேட்பாள். நான் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காலைக் காட்டுவேன். "ஓம், ஆள் சரி. உள்ள வரலாம்."

அப்போதெல்லாம் நாலாவது வரியைக் கேட்பேன். அவளிடம் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பதில் இருந்தது. நீதவானாக இருந்தபோது, "சொன்னா கோட்டை அவமதிச்ச குற்றத்தில என்னைப் பிடிச்சு உள்ள போடுவீங்க. புள்ளைக்கு ஆர் சோறு தீத்துறது?" மேல் நீதிமன்றத்துக்குப் போனபோது, "இப்ப இன்னும் பெரிய கோடு. இன்னும் பெரிய குற்றம்."

உயர் நீதிமன்றத்தில் நான் பதவியேற்ற பிறகு, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு வரவேற்பு வைத்தார்கள். சட்டத்தரணிகள் கறுப்பும் வெள்ளையுமாக நிறைந்து நின்று, ஒருவர் பின் ஒருவராக என் அறிவையும் பொறுமையையும் மனிதாபிமானத்தையும் புகழ்ந்தார்கள். அவள் முன்வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்தாள். காரில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மச்சான், அவங்க சொன்ன அந்த மனிசனை எனக்கும் ஒருக்காக் காட்டுங்க. நல்ல ஆள் போல இரிக்கு."

அந்த மேசையில் இருந்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பேராக இருந்து கேட்போம். எதிரே நிற்பவர் எவ்வளவு அபத்தமாகப் பேசினாலும் முகத்தை வெண்கட்டி போல வைத்திருக்கப் பழக வேண்டும். பழகினேன். ஒரு காலத்தில் அந்த முகத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன். மகள் தன் முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, "கவனத்தில் எடுக்கப்படுகிறது" என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன். அன்றைக்கு என் மனைவி என் இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்து, "இது வீட்டு முகமில்ல. கழட்டிக் கோட்டுக்குள்ள கொழுவிற்று வாங்க" என்றாள். அவள் இல்லாத இந்த மூன்று மாரியும் அந்த முகம் என் மேலேயே ஒட்டிக் காய்ந்துவிட்டது. இழுக்க ஆளில்லை.

நாலாவது வரியைக் கடைசியாக அவளுடைய ஆசுபத்திரிக் கட்டிலருகே கேட்டேன். இந்த நிலையிலாவது இரக்கப்படுவாள் என்று நினைத்தேன்.

"இப்பவும் ஓடுவீங்களா, நிப்பீங்களா?" என்றாள்.

"நிப்பன்."

"அப்ப பாப்பம்" என்றாள். பிறகு நித்திரையாகிவிட்டாள். பார்க்கவில்லை.

போன வைகாசிக்கு முன் கோயில் வண்ணக்கர் வீட்டுக்கு வந்தார். வண்ணக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் பொறுப்பாளர். பல வருடங்களுக்குப் பிறகு ஊரில் கொம்புமுறி வைக்கப் போகிறார்களாம். கதிரை நுனியில் குந்திக்கொண்டு, தேத்தண்ணியைத் தொடாமல், "ஐயாதான் நடுவில இரிக்க வேணும். வெள்ளத்துணி விரிச்சுக் கதிரை போடுறம்" என்றார்.

"வண்ணக்கர், நான் தென்சேரி."

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார்.

"உண்மையாத்தான். நான் வடம் பிடிக்கப் போறன்."

சிரிப்பு நின்றது. "ஐயாக்கு வயசு... ஏதும் நடந்திற்றா?"

"நடந்தா விசாரிக்கக் கோடு இரிக்கு."

"நடுவில இருந்தா ஒரு கரைச்சலும் இல்லையே. வெயில் இல்ல. இளநி தருவம். நடுவில இரிக்கிற ஆளை ஆரும் வசை பாடவும் ஏலாது."

அதுதான் எனக்குக் கரைச்சல் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பாட்டை அன்றைக்குப் பாடியவர்கள் வடசேரிப் பெண்கள். அதை வாயைத் திறந்து பாட அவர்களுக்கு உரிமை உள்ள நாள் அது ஒன்றுதான். அதுவும் தோற்ற தென்சேரியானின் முகத்துக்கு நேரே. கணக்கு எளிது. நான் கதிரையை விட்டு இறங்க வேண்டும், வடம் பிடிக்க வேண்டும், எங்கள் பக்கம் தோற்க வேண்டும். வண்ணக்கர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். கதிரை பிரதேச செயலாளருக்குப் போயிற்று.

ஆனாலும் அதற்கு முன் ஒரு குறுக்கு வழி முயன்று பார்த்தேன். என் மனைவியின் தங்கை பக்கத்து வளவில் இருக்கிறாள். அந்த வீடு அவளுக்குக் கிடைத்த சீதனம். எனக்கு மச்சாள். அன்றைக்கு அக்காவின் பக்கத்தில் நின்று கைதட்டியவள். அக்கா போன நாளிலிருந்து மூன்று வேளையும் எனக்குச் சாப்பாடு வேலிக்கு மேலால் வருவது அவளுடைய அடுப்பிலிருந்துதான். நான் நன்றாகத்தான் தொடங்கினேன். ஆனால் நெடுநாள் பழக்கம் யாரை விட்டது? முன்விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, அவளை நிற்கவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினேன்.

"அண்டைக்கு எங்கட வாசலுக்கு வந்த பெண்களில நீங்களும் ஒராள். சரியா?"

"எண்டைக்கு?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஓமா, இல்லையா?"

"ஓம் போல."

"அங்க ஒரு பாட்டுப் பாடப்பட்டது. அதில நாலு வரி. நாலாவது வரி என்ன?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ மச்சான், உங்களையோ? நீதியரசரையோ நாங்க பாடினம்? அப்பிடி ஒண்டும் இல்ல. ஞாபகம் இல்ல."

எத்தனையோ சாட்சிகள் என் கண் முன்னால் பிறழ்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒருத்தியும் பிறழ்ந்துகொண்டே "கீரை இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று கேட்டதில்லை. வேறு இரண்டு வடசேரிக் கிழவிகளையும் விசாரித்தேன். ஒருத்தி கும்பிட்டாள். மற்றவள் தன் பேரனுக்கு ஒரு வேலை எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டாள்.

கொம்புமுறி நாள் வந்தது. பின்னேரம், வெயில் சற்று இறங்கியிருந்தது. ஏறாவூரிலிருந்து ஐஸ்பழ வண்டி ஒன்று வந்து நின்றது. இளம் பெடியன்கள் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பெனியனும் மடித்துக் கட்டிய சாரமுமாகப் போய் நின்றேன். முழங்காலுக்குக் கீழே பார்த்துவிட்டு எல்லோரும் அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள். மரியாதை என்பது எவ்வளவு கொடிய பொருள் என்று அங்கேதான் விளங்கியது. ஒரு பெடியன் மட்டும் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான். அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

என்னை வடத்தின் கடைசியில், வால் பக்கம் விட்டார்கள். நான் அம்மனிடம் ஒரு இரகசிய மனுவைத் தாக்கல் செய்தேன். 'தாயே, ஊருக்கு மழை கொடு. எங்கள் கொம்பை முறி.' தன் பக்கம் தோற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வடம் பிடித்த முதல் தென்சேரியான் நானாகத்தான் இருப்பேன். சும்மா தொட்டுக்கொண்டு நிற்பது, அதிகம் போனால் முனகுவது, இதுதான் என் திட்டம்.

பறை முழங்கியது. "ஓகோ!" என்று முன்னால் ஒருவன் கத்தினான். நூறு பேர் ஒரே மூச்சில் பின்னுக்குச் சாய்ந்தார்கள். வடம் என் உள்ளங்கையைச் சுட்டது. எனக்கு முன்னால் நின்றவன், என் பேரன் வயதிருக்கும், என்னைக் கிறுகிப் பார்த்து, "என்ன ஐயா தடவிக்கொண்டு நிக்கிறீங்க? இழுங்க!" என்றான். பிறகு தான் யாரிடம் சொன்னோம் என்று விளங்கி நாக்கைக் கடித்தான். ஆனால் சொல் விழுந்துவிட்டது. எத்தனை வருடம்! எந்தப் பக்கமும் சாயாமல், சாய்ந்தாலும் முகத்தில் காட்டாமல், நடுவில் நடுவில் என்று இருந்த உடம்பு. மனு, திட்டம், நாலாவது வரி எல்லாவற்றையும் அது மறந்தது. குதிகாலை மண்ணில் புதைத்து, பல்லைக் கடித்து, என் தகப்பனார் பேர் சொல்ல, இழுத்தேன். கத்தினேன் என்றும் சொன்னார்கள். என்ன கத்தினேன் என்பதைப் பின்னர் ஒருவரும் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

படார் என்றது. நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். முறிந்தது வடசேரிக் கொம்பு.

நான் துள்ளினேன். பக்கத்தில் நின்றவனைத் தூக்கப் பார்த்து முடியாமல் அவன் என்னைத் தூக்கினான். அந்தரத்தில் இருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. வென்றுவிட்டேன். போயிற்று. வென்றவனுக்கு யாரும் வசை பாடமாட்டார்கள். அடுத்த கொம்புமுறி எப்போதோ, அதுவரை நான் இருப்பேனோ, பாட்டைத் தெரிந்தவர்கள் இருப்பார்களோ. என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். "ஐயாக்குச் சந்தோசத்தில கண் கலங்கிற்று" என்றான் ஒருவன்.

ஊர்வலம் புறப்பட்டது. வென்ற கொம்பைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வடசேரி வீடு வீடாகப் போனோம். எங்கள் பெண்கள் பாடினார்கள். வடசேரியார் தலையைக் குனிந்துகொண்டு சர்பத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படலையிலும் அவர்கள் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இப்படியே வந்து, என் வீட்டுப் படலைக்கு முன்னால் கூட்டம் தயங்கி நின்றது.

"இது ஐயாட வீடு. விடுவம். அடுத்ததுக்கு நடங்க" என்றார் வண்ணக்கர்.

"நில்லுங்க" என்றேன். "ஐயாட வீடு எண்டு ஆர் சொன்ன? இது என்ட பொஞ்சாதிட வீடு. வடசேரி வீடு. தோத்த வீடு. பாடுங்க."

பாட்டுக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்தார்கள். சற்று முன்னர்தான் ஒரு வாத்தியாரின் வழுக்கையை நாலு பாட்டில் துவைத்தவர்கள், இப்போது பூசைக்கு நிற்பது போல நின்றார்கள்.

வாசற்படியில் மச்சாள் நின்றாள். அக்கா வீட்டுச் சார்பில் தாகத்துக்குக் கொடுக்க, தேசிக்காய்த் தண்ணி நிறைந்த வாளியும் குவளையுமாக. அவளுக்குப் பின்னால் திறந்த கதவு. கதவுக்குப் பின்னால், இந்த நேரத்தில் விளக்கேற்ற ஒருத்தி நடந்து வரவேண்டிய இருட்டு.

வேறு ஆளில்லாதபடியால் நானே பாடினேன். எனக்கென்று ஒரு வசை தெரியாது. வாழ்க்கையில் எனக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றுதான். வேறு எதுவும் நாக்கில் வரவில்லை. கையைத் தட்டி, சுருதி எங்கேயோ போக, அதையே தொடங்கினேன்.

"கொக்குக்கால் மச்சானே, கோட்டுப் போட்டு வந்தீரோ..."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மனிசன் எதிரியை ஏசாமல் தன்னையே ஏசுகிறார்.

"கொம்புதான் முறிஞ்சிற்றே, கோவம் இன்னும் முறியலியோ... சட்டம் படிச்சவரே, சாட்சி சொல்ல ஆளில்லையோ..."

அங்கே நின்றுவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் இல்லை. கை மட்டும் இரண்டு தரம் சும்மா தட்டியது. பாய்ந்து ஓட அன்றைய பின்வேலி இங்கே இல்லை. ஓடும் எண்ணமும் இல்லை. நின்றேன்.

மச்சாள் வாளியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். அக்காவின் அதே குரல் அவளுக்கு இருப்பதை நான் இத்தனை வருடம் கவனிக்கவில்லை.

"சத்தம் போடாம வாங்க மச்சான், சாப்பாடு எங்கட வீட்டில!"

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு கிழவிகளில் ஒருத்தி "அடியாத்தே" என்றாள். அன்றைக்குக் கன்னிப்பெண் ஒருத்தி, ஊர் கூடி நிற்க, தோற்றவனை வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரச் சொல்லியிருக்கிறாள்! சிரிப்பு வெடித்தது. வண்ணக்கர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாட்டுக்காரிகள் என் காலைப் பார்த்து, ஒளிக்காமல், கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள். இருமிய பெடியன் நிலத்தில் குந்திவிட்டான். பகிடி விடாமலே நான் வாங்கிய முதல் உண்மையான சிரிப்பு.

நான் மச்சாளிடம் போனேன். "அண்டைக்கு ஞாபகமில்ல எண்டீங்களே?"

"அக்கா சத்தியம் வாங்கினவ" என்றாள். "மச்சானா வந்து நிண்டு கேட்டா சொல்லு, கோட்டாரா இருந்துகொண்டு கேட்டாச் சொல்லாத எண்டு. நீங்க அண்டைக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓமா இல்லையா எண்டு கேட்டா?" குவளையை நீட்டினாள். "அந்த வரிக்கு அம்மா அக்காவைப் போட்டு உரிச்ச உரி உங்களுக்குத் தெரியுமா? நீங்க வேலி பாஞ்சிற்றீங்க. அவதான் நிண்டு வாங்கினவ. அழுதுகொண்டே சிரிக்கிறா. 'அந்த ஆளுக்குக் காதில விழயில்ல புள்ள' எண்டு."

தேசிக்காய்த் தண்ணியில் உப்புக் கூடியிருந்தது. முழுக் குவளையையும் குடித்து முடித்தேன்.

சனம் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு படியில் இருந்தேன். காதில் விழவில்லை, உண்மைதான். ஆனால் விழுந்தது போலத்தான் நடந்திருக்கிறேன். ஒரு வருடத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். பதுளையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் திரும்பத் திரும்ப இங்கேதான் சாப்பிட வந்தேன். அவள் போன பிறகும் சோறு வேலிக்கு மேலால் வந்துகொண்டிருக்கிறது. அவளுடைய கட்டளையை அறியாமலே ஒரு நாளும் மீறவில்லை. அதை அவளிடம் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். அதற்கு அவள் என்ன பதில் வைத்திருந்திருப்பாள் என்று நினைக்கும்போதுதான் வீடு மிகவும் பெரிதாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மகள் எடுத்தாள். கொம்புமுறியில் பெடியன்கள் எடுத்து ஊரெல்லாம் பரவிய ஒளிப்படத்தை அவளும் பார்த்துவிட்டாள்.

"அப்பா, என்ன இது கால்? மானம் போகுது. சரி, எப்ப வாறீங்க?"

"தீர்ப்புச் சொல்றன், எழுதிக்கொள்ளுங்க" என்றேன். "சாப்பாடு இஞ்சதான்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். "அம்மா சரியான கள்ளி" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஏழாம் மாடியில் கடல் காற்று அதிகம் போலும்.

இப்போது எனக்கு ஒரு வேலை இருக்கிறது. தோற்றவனுக்குப் பதில் பாட்டு உரிமை உண்டு என்றேனே. அன்றைக்கு ஓடிவிட்டதால் நான் அதைப் பாவிக்கவில்லை. காலங்கடந்த மனுக்களை நான் எத்தனையோ தள்ளுபடி செய்திருக்கிறேன், இரக்கமில்லாமல். இதையும் எவரும் ஏற்கமாட்டார்கள். என்றாலும் பின்னேரங்களில் முன்விறாந்தையில் இருந்து கையைத் தட்டிப் பார்க்கிறேன். நாலு வரியும் வந்துவிட்டது. தரமானது என்று சொல்லமாட்டேன். மச்சாளுக்கு முதல் மூன்றை மட்டும் பாடிக் காட்டினேன்.

"அக்கா இருந்திருந்தா இதுக்கு உங்களுக்கு ரெண்டு நாள் சோறில்ல" என்றாள். புட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். நாலாவது வரியை நான் அவளிடமும் சொல்லவில்லை.